வண்டி எண்ண வந்தவர்

கமாலுதீனுக்கு யாரையும் லேசில் நம்பிவிடும் பழக்கம் கிடையாது. பால்காரன் கண்ணெதிரே கறந்து கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். அப்பேர்ப்பட்டவரின் சாயாக்கடைக்கு எதிரே, கையில் காகிதமும் பென்சிலுமாக ஒருவர் வந்து நின்றால் அவருக்குச் சோறு இறங்குமா?

கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து படகுத்துறைக்கு மிளகும் சுக்கும் ஏற்றிய கைவண்டிகள் போகிற சந்து அது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் தீர்ந்தது, முடங்கிவிடும். முடங்கிய வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசி ஓய்ந்து, கமாலுதீன் கடையில் சாயா குடிப்பார்கள். அவரும் மனைவி நசீபாவும் அதில்தான் காலம் தள்ளினார்கள். இப்போது சந்தின் கோடியில் கிடந்த மனையில் ஒரு சேட்டு பெரிய பண்டகசாலை கட்டப்போவதாகப் பேச்சு. லாரி வருமாம். வந்தால் முதலில் இடிபடுவது, சந்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கடைதான்.

வந்தவர் நகரசபை ஆள், பிச்சுமணி, பாலக்காட்டுக்காரர். அன்று சந்தின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு வாரம் வண்டி எண்ணப்போவதாகச் சொன்னார். எதற்கென்று கமாலுதீன் கேட்கவில்லை. கேட்டால் உண்மையா வரப்போகிறது? ஓசிச் சாயா நீட்டிப் பார்த்தார். ஜோலி பார்க்கிற இடத்தில் எதையும் வாங்குவதில்லை என்று பிச்சுமணி மறுத்துவிட்டார். சரிதான், சேட்டிடம் வயிறு முட்டத் தின்றவனுக்கு நம் சாயா எதற்கு என்று கமாலுதீன் முடிவே கட்டிவிட்டார்.

வண்டி நிறையப் போகிறது என்று எழுதுவான், ரோட்டை அகலமாக்கு என்பான், கடை போய்விடும். இதுதான் அவருடைய கணக்கு. அந்த மனுஷரிடமே கேட்டுவிடுங்கள் என்று நசீபா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நேரே வண்டிக்காரர்களின் மூப்பன் ரஷீதிடம் போய், கொஞ்ச நாளைக்கு எல்லாரும் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கமாகச் சுற்றிப் போகும்படி கெஞ்சினார். மழையில் மூட்டைகளை மூடத் தன் கடைப் படுதாவையே அவிழ்த்துக் கொடுத்தவர் கமாலுதீன். ரஷீது தட்டவில்லை.

சந்து வெறிச்சோடியது. கடையில் ஈ ஓட்டினார்கள். பிச்சுமணி வெயிலில் நின்று நின்று கறுத்தார், காகிதத்தில் கோடு விழவில்லை. படட்டும் பாவி என்று கமாலுதீன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கடைசி நாள் பிற்பகல் பிச்சுமணி தாமாகவே கடைப்படி ஏறினார்.

“ராவுத்தரே, இருக்கற வண்டிக்கே இங்க எடம் இல்லேன்னா, பண்டகசாலைக்கு அனுமதி கூடாதுன்னு எழுதறதுதான் என் ஜோலி. இங்க என்னடான்னா சந்து காலியா கெடக்கறது. லாரி வரலாம்னுதான் எழுதியாகணும்.”

இதற்காகவா இத்தனை பாடு? வண்டிகளைத் திருப்பிவிட்டதைக் கமாலுதீன் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். பிச்சுமணி அவர் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை கமாலுதீனுக்குப் பழக்கமானது. பால்காரனை அவர் பார்க்கிற பார்வை.

கமாலுதீன் படகுத்துறைக்கு ஓடி ரஷீதிடம் சொன்னார். வழக்கமான வண்டிகள் வழக்கம்போல் வந்தன. வந்த வேகத்தில் முடங்கின. ஏச்சும் கூச்சலும் எழுந்தன. பிச்சுமணி ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்.

“சாமி, தெனமும் இப்படித்தான். அல்லா மேல ஆணை,” என்றார் கமாலுதீன்.

“போன்னு சொன்னப்போ போன வண்டி, வான்னு சொன்னதும் வந்திருக்கு,” என்றார் பிச்சுமணி. “நான் எதை நம்பி எழுதறது?”

பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வண்டிகளுக்கிடையே புகுந்து புகுந்து போய்விட்டார்.

முடங்கிய வண்டிக்காரர்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நசீபா அடுப்பை ஊதினாள். அன்று சாயா நன்றாக விற்றது.