நூறு என்று அச்சிட்ட நட்சத்திரம்

அந்த வானாய்வுக் கூடத்தில் கணக்குகளைச் சரிபார்க்கும் பெண்ணை எல்லோரும் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனாலும் கண்டுபிடித்துவிடுவாள். செய்தவரை லேசில் விடவும் மாட்டாள். ஆனால் பதினோரு வருட வேலையில் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவள் பெயர் மேலே வந்ததில்லை. கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவரோடு சேர்த்துப் போட்டு முடித்துவிடுவார்கள். நாளைக் காலை அனுப்பவேண்டிய கட்டுரையில்தான் முதல்முறையாக அவள் பெயர் முதலில் இருந்தது. அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாளாகத் திரிகிறாள். பஸ்ஸில் ஒருதரம் வெளியே எடுத்து ரசித்தும் ஆயிற்று.

கட்டுரை ஒரு மங்கலான நட்சத்திரத்தைப் பற்றியது. பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் பிரகாசம் நூற்றில் ஒரு பங்கு கூடி, மறுபடி பழைய நிலைக்கு வருகிறது என்று மூன்று வருட அளவுகளிலிருந்து அவள் கண்டுபிடித்திருந்தாள்.

அன்று மதியம் கை சும்மா இருக்கமாட்டாமல், பக்கத்திலிருந்த இன்னொரு நட்சத்திரத்தின் பழைய அளவுகளையும் வரைபடமாகப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை கூடியது. மூன்றாவது ஒன்றைப் போட்டாள். அதுவும் அப்படியே.

"ஊர்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா ஜுரம் வரும்?" என்று கணினியைப் பார்த்துக் கேட்டாள். அது வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் போன் செய்தார். பெயிண்டுக் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. மனக்குறையை இறக்கிவைப்பது இவளிடம்.

"ஏம்மா, வெள்ளை பெயிண்ட் மஞ்சளடிக்குதுன்னு இன்னிக்கு மட்டும் மூணு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. மெஷினக் கழட்டிப் பாத்தேன், டின்ன மாத்திப் பாத்தேன். கடைசியில என்ன தெரியுமா? எத வச்சு ஒப்பிட்டுப் பாக்கறனோ, அந்தச் சாம்பிள் அட்டையே மஞ்சளாகிக் கிடக்கு! நாலு மாசமா அதப் பாத்துப் பாத்துத்தான் கலக்கறேன். அத ஒருத்தனும் பாக்கல!"

புள்ளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "போனை வைங்க."

"இரும்மா, இன்னும் முதலாளி திட்டினதச் சொல்லவே இல்லியே..."

"சாயங்காலம் நானும் சேந்து திட்டறேன். இப்ப வைங்க!"

வானாய்வுக் கூடத்திலும் ஒரு சாம்பிள் அட்டை இருந்தது. இருட்டத் தொடங்கியதுமே வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஒரு வெள்ளை நட்சத்திரம். எதை அளப்பதானாலும் முதலில் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி, அதன் ஒளியை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். எப்படியும் நூறுதானே, தினம் எதற்கு எழுதிக் கை வலிக்கவேண்டும் என்று, துறைத் தலைவர் இருபது வருடத்துக்கு முன்பே பதிவேட்டின் முதல் கட்டத்தில் 100 என்று அச்சடிக்கவே ஏற்பாடு செய்துவிட்டார். அதற்கப்புறம் அந்த நட்சத்திரத்தை எல்லோரும் தினமும் பார்த்தார்கள், யாரும் அளக்கவில்லை. படித்தவர்கள் செய்கிற காரியம்!

அதன் ஜாதகம் அவளுக்கு மனப்பாடம். சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரியைத் தொடவே திணறும். இது பத்தாயிரத்தை ஒட்டிக் கொதிக்கிறது, அதனால்தான் அந்த வெள்ளை. எடை சூரியனைப்போல் இரண்டு மடங்கு. சூரியன் ஒருதரம் சுழன்று வர இருபத்தைந்து நாள் எடுத்துக்கொள்ளும். இதுவோ தலைதெறிக்கச் சுழல்வதால் நடுவில் பிதுங்கி, மேலும் கீழும் சப்பிப்போய், பிதுங்கிய இடத்தில் சூடும் குறைந்து கிடக்கிறது. ஒரு சுற்றுக்கு அதற்கு ஆகும் நேரம் பதினாறு மணி.

பதினாறு! இரண்டு பதினாறும் மூன்று வருடமாக ஒரே மண்டைக்குள் குடியிருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வெள்ளை உடம்பில் எங்கோ ஒரு மங்கல் திட்டு இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்ச நேரம் நம் பக்கம் எட்டிப்பார்க்கும்போது நட்சத்திரம் நூற்றில் ஒரு பங்கு மங்கும். மங்கினதையும் இவர்கள் நூறு என்று வைத்துக்கொள்வதால், மற்றதெல்லாம் கூடினமாதிரி தெரியும்.

அப்படியானால் அவள் கட்டுரை செத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நாளைக் காலை முதலில் அவள் பெயரோடு கட்டுரையும் போய்விடும். அந்த நினைப்பு வராமல் இல்லை, வந்தது, நின்றது. ஆனால் கை அதற்குள் தாளை இழுத்து, அடுத்து எப்போது மங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கே, இரவு ஏழு பத்துக்கு.

தொலைநோக்கியை இயக்குகிறவரை எல்லோரும் டிரைவர் என்பார்கள். இத்தனை வருடத்தில் வண்டி ஓரடி நகர்ந்ததில்லை. ஆறேகாலுக்கு அவர் டீயைக் கையில் எடுத்த நேரம் அவள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"டிரைவர், இன்னிக்கு நம்ம நூறையே அளக்கணும். வேற ஒரு வெள்ளை நட்சத்திரத்த அளவா வச்சுக்கலாம். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க."

"நூறு நூறாத்தாம்மா இருக்கும். அதப் போய் எதுக்கு?"

"டீய அப்புறம் குடிங்க!"

ஆறு நாற்பதுக்கு முதல் அளவு: நூறு. டிரைவர் நான் சொல்லலியா என்று பார்த்தார். ஆறு ஐம்பதுக்கு 99.7. "காத்துல ஏதோ தூசி," என்றார். ஏழு மணிக்கு 99.2. இந்தத் தடவை அவர் திரைக்கு அருகே குனிந்தார். ஏழு பத்துக்குத் திரையில் 98.9 என்று வந்தது. ஏழு இருபதுக்கு 99.2 என்று மறுபடி ஏறத் தொடங்கியது.

"ஐயோ!" என்று கத்தினாள் புள்ளியம்மா. "அசையுது! நம்ம நூறு அசையுது!" டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கியதில் டீ அவர் சட்டையெல்லாம் கொட்டியது. அவரும் அதைத் துடைக்காமல் கூரைத் திறப்பு வழியாக அண்ணாந்து அந்த வெள்ளைப் புள்ளியை வாய்பிளந்து பார்த்தார்.

சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். அவள் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அளவுகளை மூன்றுதரம் படித்தார். அப்புறம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு உங்க கட்டுரை?"

"போச்சு சார்."

"எனக்குப் பதினேழு கட்டுரை போச்சும்மா. எல்லாத்துலயும் இந்த நூறு இருக்கு." முகத்தைக் கையால் வழித்துக்கொண்டார். வருத்தப்பட நினைத்தார்போல, முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. "தினம் கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடியிருக்கு பாருங்க! சரி, இத உடனே எழுதணும். என் பதினேழும் தப்புன்னு சேத்து எழுதணும். யார் பேர்ல எழுதறது?"

இதே கேள்வியைப் போன மாதம் கேட்டிருந்தால், உங்க இஷ்டம் சார் என்று தலையைக் குனிந்திருப்பாள்.

"என் பேர்ல சார்," என்றாள். "முதல்ல என் பேர். அப்புறம் டிரைவர். அதுக்கப்புறம் நீங்க."

தலைவர் எழுந்து, மேசையடியிலிருந்த தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காந்து எழுதுங்க," என்றார். "ஏழு முப்பது அளவு வரப்போகுது."