வீட்டுக்கு ஓர் ஆள்

மரத்தடியில் சிதறிக் கிடந்த, பாமாயில் எடுக்கிற செம்பனைப் பழங்களை வினிஃப்ரெட் குந்தியபடியே பொறுக்கி உரச்சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பெய்த மழை ரப்பர் பூட்சுக்குள் இறங்கியிருந்தது. நகரும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்றது. முன்பெல்லாம் கணவன் சந்தனசாமி முன்னால் குலை வெட்டிக்கொண்டு போவார். அவள் பின்னால் பொறுக்கிக்கொண்டு போவாள். இரண்டு மாதமாக முன்னால் வெட்டுவது யாரோ ஒரு வங்காளதேசத்துப் பையன். ஓலையோடு விழுந்த தூசி சந்தனசாமியின் இடது கண்ணில் பட்டு, சீழ் பிடித்து, பார்வை போய்விட்டது. இனி அண்ணாந்து பார்த்துச் செய்கிற வேலை வேண்டாம் என்று குளுவாங் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சேற்றுப் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மகள் கிளாரிசா. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும். அங்கிருந்து நேராக வந்திருந்தாள்.

"மா, கெடச்சிருச்சி."

"எது?"

"ஸ்கூடாய் யூனிவர்சிட்டி. சிவில் இன்ஜினியரிங்."

வினிஃப்ரெட் கையுறையைக் கழற்றி, கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். மலாய்க் கடிதம் முழுதும் அவளுக்குப் புரியவில்லை. மகளின் பெயர் இருந்த வரியில் மட்டும் பார்வை நின்றது.

"ஐசி கார்டு நம்பர் உன்னோடதுதானா, பாத்தியா?"

"பாத்துட்டேம்மா. மூணு தடவ பாத்துட்டேன்."

அன்று சாயங்காலம் சந்தனசாமி வீடு வீடாகப் போனார். காஹாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பதினேழுதான் மிச்சம். பிள்ளைகள் பலர் சிங்கப்பூர் ஃபேக்டரிகளுக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேர் வெல்டிங் படித்திருந்தார்கள். பல்கலைக்கழகம் வரை யாரும் போனதில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாலு வருஷப் படிப்பு. பாலம், ரோடெல்லாம் கட்டுற படிப்பு," என்றார். ஏற்கெனவே கேள்விப்பட்டவர்களிடமும் முதலிலிருந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் தோட்டத்துச் சிறிய மாதா கோயிலில் கிளாரிசாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். மருந்தடிக்கும் வேலை செய்கிற கருப்பாயி இந்து. அவளும் வந்து வாசலில் செருப்போடு நின்று தட்டினாள்.

புதன்கிழமை மேனேஜர் பிரேமகுமார் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் போனார்கள்.

பிரேமகுமார் யாழ்ப்பாண வழி வந்தவர். அவருடைய தாத்தா ரயில்வேயில் கிளார்க், அப்பா தலைமையாசிரியர். மரியாதையாகப் பேசுகிற மனிதர். நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"சந்தனசாமி, உங்க மெடிக்கல் பேப்பரு மேலிடத்துக்குப் போயிருச்சி. இந்த மாசத்தோட உங்க பேரு லிஸ்டுலருந்து எடுத்துருவாங்க. சொக்சோ இன்சூரன்ஸ் பணம் வரும். தோட்டத்து வீடுதான்... ரூல் உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு ஒரு ஆளு தோட்டத்துப் பேர்ல வேல செய்யணும்."

"நான் செய்றேனே சார்," என்றாள் வினிஃப்ரெட்.

"நீங்க கான்ட்ராக்ட் ஆளும்மா. கணக்குல வராது." அவர் கிளாரிசாவைப் பார்த்தார். "நான் யோசிக்காம கூப்பிடல. இங்க ஆபீஸ் கிராணி வேல, கணக்கு எழுதுற வேல, காலியா இருக்கு. வெயில்ல நிக்கவேணாம், ஏர்கோன் ரூம். புள்ள அத எடுத்துக்கிச்சின்னா வீடு உங்களுக்கே. டிகிரி முடிச்சிட்டு எத்தனையோ பேரு கிராப் டாக்சி ஓட்டுறாங்க."

"சார் மக எங்க படிக்கிறாங்க சார்?" வினிஃப்ரெட் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மெல்பர்ன்ல." பிரேமகுமார் மேசைமேலிருந்த பேனாவை எடுத்து வேறு பக்கம் வைத்தார்.

"நான் செய்றேன் சார்," என்றாள் கிளாரிசா. "எப்ப வரணும்?"

"அவ வரமாட்டா சார்," என்றார் சந்தனசாமி. எழுந்துகொண்டார். "எப்ப சாவி குடுக்கணும்னு சொல்லுங்க."

வீடு வரும்வரை கிளாரிசா முன்னால் வேகமாக நடந்தாள். வாசலில் ஏறியதும் திரும்பினாள்.

"எங்கப்பா போவீங்க? ஒரு கண்ண வச்சிக்கிட்டு எங்க போவீங்க? ஒரு வருஷம் நான் வேல செய்றேன். அப்புறம் திரும்ப அப்ளை பண்ணிக்கிறேன்."

சந்தனசாமி பூட்சைக் கழற்றுகிற வழக்கத்தில் குனிந்தார். செருப்புதான் போட்டிருந்தார்.

"எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதினாறு வயசு," என்றார். "இதே வீடுதான். வீடு போயிரும்னு, பொதச்ச மூணாவது நாளு எம்பேர ஆபீசுல குடுத்தாங்க. ஒரு வருஷம் செய்யி, அப்புறம் படிக்கலாம்னுதான் எங்கம்மாவும் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல இரவல் குடுத்த புக்கக்கூட நான் திருப்பிக் குடுக்கல. ரொம்ப நாளைக்கு வாத்தியாரு வந்து கேப்பாருன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல."

கிளாரிசா அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டுக்கு ஒரு ஆளு குடுத்தாச்சி," என்றார் சந்தனசாமி. "போதும்."

வினிஃப்ரெட் உள்ளே போய் அரிசி களைந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்கூடாயில் இருக்கிற தன் சித்தி மகளுக்கு ஃபோன் போட வேண்டும் என்று மகளிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டாள். இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள்.

பத்து நாளில் எல்லாம் ஏற்பாடாயிற்று. மலிவுவிலை அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஓர் அறை. மாணவர்கள் சாப்பிடுகிற ஒரு கடையில் காய்கறி நறுக்கும் வேலை வினிஃப்ரெட்டுக்கு. சந்தனசாமிக்கு மட்டும் இனிமேல்தான் வேலை தேட வேண்டும். ஒரு கண்தானே என்று ஒரு செக்யூரிட்டி கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. அறையில் இருப்பவர்கள் காலி செய்வது பல்கலைக்கழகப் பதிவு நாளன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. தோட்டத்து வீட்டுக்கு அன்று காலையே புது ஆள் வருகிறான். அதனால் காய்கறி லோரி வைத்திருக்கும் காளியப்பன், சாமான்களை ஏற்றிக்கொண்டு பகல் முழுக்கக் கூடவே இருப்பதாகச் சொன்னான். வாடகை பற்றிக் கேட்டதற்கு, "எம்மக இந்த வருஷம் ஃபார்ம் ஒன் படிக்கிறா. நாளைக்கு அவளுக்கு உம்மகளக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லு," என்றான்.

கிளம்புகிற நாள், விடிந்ததும், ஆட்கள் வேலைக்குப் போகும் முன் வந்துவிட்டார்கள். ஒருவர் வாளி, ஒருவர் புதுப் போர்வை, ஒருவர் இஸ்திரிப் பெட்டி. கருப்பாயி முதுகில் மருந்துத் தொட்டியோடு வந்து, கிளாரிசாவின் கையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்தாள்.

"கடக்காரன்கிட்ட இன்ஜினியருக்குன்னு சொல்லித்தான் கேட்டேன். மாத்தணும்னா பில்லு உள்ள இருக்கு."

"இதான் வேணும் அத்த," என்றாள் கிளாரிசா. அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். தொட்டி தடுத்தது.

பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலில் கார்கள் வரிசையாக நின்றன. காவலாளி லோரியைப் பார்த்ததும் கையைக் காட்டினான். "லோரி தா போலே மாசொக், பாச்சிக்." லோரி உள்ளே போக முடியாது. காளியப்பன் சாலையோரம் மழைமரத்தின் கீழ் நிறுத்தினான். சந்தனசாமி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கையில் வாளியும் தோளில் மகளின் பெட்டியுமாக மேட்டில் ஏறினார். கிளாரிசா வாங்கப் பார்த்தாள், அவர் கொடுக்கவில்லை.

வினிஃப்ரெட் சாமான்களுக்குக் காவலாக நின்றாள். கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுச்சேலை கட்டியிருந்தாள். காளியப்பன் லோரியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி அவளுக்குப் போட்டான். நகராமல் நின்ற காரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி கண்ணாடியை இறக்கி, அலமாரியையும் கட்டிலையும் கேஸ் சிலிண்டரையும் பார்த்தாள்.

"ஹாஸ்டலுக்கு இவ்வளவா கொண்டு போறீங்க?"

"எம்மக இங்க சேருறா," என்றாள் வினிஃப்ரெட். "இன்ஜினியரிங்."

ஒரு மணி நேரம் கழித்து மகளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம்.

"மா, நிரந்தர முகவரி கேக்குறாங்க. காலியா வுட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேங்குது. அப்பா ஒங்கிட்ட கேக்கச் சொல்றாரு."

வினிஃப்ரெட் லோரியைப் பார்த்தாள். அடுக்குமாடியின் எண் அவளுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

"தோட்டத்து முப்பத்தொன்னாம் நம்பரே போடு," என்றாள். "அந்த வீட்லருந்துதான படிச்ச. அத எழுது."

சற்று நேரத்தில் படம் ஒன்று வந்தது. மாணவர் அட்டை. கிளாரிசா சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி இருந்தாள். கீழே அவள் பெயர், துறையின் பெயர். வினிஃப்ரெட் அதைக் காளியப்பனிடம் காட்டினாள். சாலையைக் கடந்து போய்க் காவலாளியிடமும் காட்டினாள். அவன் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "பாண்டாய் அனா மாச்சிக்," என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. அவள் தலையாட்டினாள். ஆமாம், கெட்டிக்காரிதான்.

அப்போது தூறல் விழுந்தது, உடனே பெருமழையாயிற்று. காளியப்பன் லோரிமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்தான். வினிஃப்ரெட் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழிருந்து கயிற்றைப் பிடித்தாள். ஒரு கையில் கயிறு. மறுகையில் இருந்த கைப்பேசியை முந்தானைக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். தார்ப்பாய் அலமாரியை மூடியது, மெத்தையை மூடியது, மாதா படத்தை மூடியது. கட்டில் வரை அது எட்டவில்லை. கண்ணாடிகள் ஏற்றிய கார்கள் வைப்பர் ஆட ஒவ்வொன்றாக வாயிலுக்குள் போய்க்கொண்டிருந்தன.