ரொட்டி சாப்பிடச் சொன்ன டாக்டர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பழக வந்தவர் எவ்வளவு தறிகெட்டு ஓட்டினாலும், பதறாமல் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மெல்ல அழுத்தி வண்டியை நிறுத்திவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வயிற்றை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை. சாப்பிட்ட கையோடு அது மத்தளம் போல உப்பும், அப்புறம் ஓட்டம்தான். அதனால் அவள் பாடம் நடத்தும் வழியெல்லாம் கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளை ஒட்டியே போனது. அவளிடம் படித்தவர்களுக்கு நெடுஞ்சாலை பழகியிருக்காது. பெட்ரோல் பங்குக்குள் வண்டியை ஒடித்துத் திருப்புவது மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

நாற்பதைத் தாண்டிய பிறகு சோர்வும் சேர்ந்துகொண்டது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததே தவிர ரத்தம் ஏறவில்லை. வாயு என்றார்கள், வயசு என்றார்கள். ஒரு டாக்டர், குடலுக்குக் கொஞ்சம் முன்கோபம், வேறொன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார். நாற்காலி, கட்டில் விற்கும் அவளுடைய அண்ணனுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. தங்கச்சிக்கு வந்திருப்பது வெறும் நினைப்பு என்று அவர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று அவள் ஒருநாள் ரொட்டியையும் பிஸ்கெட்டையும் நிறுத்திப் பார்த்தாள். சில வாரங்களில் வயிறு சொன்ன பேச்சுக் கேட்க ஆரம்பித்தது. சோர்வு மட்டும் விடவில்லை. கணவனை அழைத்துக்கொண்டு குடல் நோய் டாக்டரிடம் போனாள். டாக்டர் வயதில் அவளைவிடச் சின்னப் பெண். அவசரமே இல்லாமல் வாய்ப்புண் வருமா, எடை குறைந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். சீலியாக் என்ற நோயாக இருக்கலாம் என்றாள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஆகாது. அது உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். அடிபட்ட குடலால் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாது. மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

"நான்தான் ரொட்டியை விட்டுட்டேனே டாக்டர். அப்ப பாதி வைத்தியம் முடிஞ்சுதில்ல?" என்றாள் பெருமையாக.

"அங்கதான் சிக்கல். இப்ப ரத்தம் எடுத்தா ஒண்ணும் இல்லன்னு வந்துடலாம். திருடன் வீட்டுக்குள்ள இருக்கும்போதுதானே பிடிக்க முடியும்? சில வாரம் தினமும் ரொட்டி சாப்பிடுங்க. அப்புறம் பார்ப்போம். ரொம்ப முடியலன்னா உடனே சொல்லுங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கணவன் மின்வேலைக்காரர், எந்த இணைப்பையும் இரண்டு தரம் சோதிக்காமல் விடாதவர். தினமும் காலையில் ரொட்டியைத் தட்டில் வைத்து, கடைசித் துண்டு உள்ளே போகும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். வயிறு பழைய ஆட்டத்தைத் தொடங்கியது.

அந்த வாரங்களில் ஒருநாள், பின்னால் எடுக்கச் சொன்னாலே வண்டியை அணைத்துவிடும் தையல்காரர் ஒருவர் பாடத்துக்கு வந்திருந்தார். வழக்கமான பங்குக்குள் வண்டி நின்றதும் அவள் இறங்கி ஓடினாள். எப்போதும் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவள், அன்று அந்த அவசரத்தில் மறந்துவிட்டாள். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். பங்கைச் சுற்றி ஓடினாள். பார்த்தால், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த அடியில் தையல்காரர் தானாகவே பின்னால் எடுத்து, சுவரோரம் கோடு போட்டது போல நிறுத்திவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டுவதா பாராட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

ரத்தப் பரிசோதனை திருடனைக் காட்டிக்கொடுத்தது. உறுதி செய்ய எண்டோஸ்கோபி. தூக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, சிறுகுடலின் தொடக்கத்தில் சில சதைத் துணுக்குகள் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் படத்தைக் காட்டினாள். நல்ல குடலின் உள்பக்கம் குளியல் துண்டில் இருக்கும் நூல் இழைகளைப் போல நின்றிருந்தது. அவளுடையது துவைத்துத் துவைத்துத் தேய்ந்த துணியாகப் படுத்துக் கிடந்தது. சீலியாக்தான். கோதுமையையும் குளூட்டன் உள்ள மற்றதையும் வாழ்நாள் முழுக்க விட்டால் இழைகள் மெல்ல மெல்லத் திரும்ப எழும் என்றாள்.

நோய் உறுதியான செய்தி கேட்டு அவளைப்போலச் சிரித்தவர் அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இத்தனை வருஷமும் தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தோளிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது.

கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அண்ணன் சிரித்தார். தங்கச்சியின் நச்சரிப்பு தாங்காமல், அவள் வாயை அடைக்கத்தான் ரத்தம் கொடுத்தார். அவருக்கும் அதே முடிவு வந்தது. குழாய் இறக்கிப் பார்த்ததில் அவர் குடலும் தேய்ந்துதான் இருந்தது. சிலருக்கு இது சத்தமே போடாமல் உள்ளே வேலை செய்யும் என்று டாக்டர் விளக்கியபோது அவர் தன் குடலின் படத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். வெளியே வந்ததும் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைப்போய் நினைப்புன்னு சொல்லிட்டேனேம்மா."

"விடுண்ணா. கூட்டாளி கிடைச்சாச்சு, எனக்கு அது போதும்."

அதன் பிறகு அவர் கடைகடையாக ஏறி, பொட்டலங்களின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். படிக்க முடியாதபோது போன் போடுவார். ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளும் பதில் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதுமையே சேராத கேக் ஒன்றைத் தானே செய்து எடுத்துவந்தார். கத்தி இறங்கவில்லை. மின்வேலைக்காரர் உள்ளே போய்த் தன் கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, "மச்சான், உத்தரவு கொடுங்க" என்றார். சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆளுக்கொரு துண்டாக உடைத்து, தேநீரில் ஊறவைத்து, மூன்று பேருமாகத் தட்டைக் காலி செய்தார்கள்.