ஒருவருக்கு ஒரு பன்மை

1

இது கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஓர் ஆளைக் குறிக்க 'தே' என்று பன்மையில் சொல்லலாமா கூடாதா என்று மல்லுக்கட்டுவதைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒச்சம்மாள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இதென்ன புதுச் சண்டையா? அறுபத்திமூணுலயே எங்க சகாயராணி டீச்சர் இதுக்காக வேலையவே பணயம் வச்சாங்க, அப்பு."

கட்டுரையை மூடி வைத்தேன்.

2

முதல் வரி: 'சகாயராணி பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.'

அடித்துவிட்டேன். அடுத்த வரியில் 'அப்துல் கையூம் சார் காத்திருந்தார்' என்று எழுதியபோதுதான் உறைத்தது. இரண்டு பேரும் இங்கிலீஷ் வாத்தியார்கள். இரண்டு பேரும் பி.டி. படித்தவர்கள். என் பேனா ஆணுக்கு 'ர்' போட்டது, பெண்ணுக்கு 'ள்' போட்டது. நான் அதற்குச் சொல்லித்தரவே இல்லை.

ஆகவே, சகாயராணி நடந்தார். (இரண்டு பேரும் 'அவர்' ஆகிவிட்டால் யாரைச் சொல்கிறேன் என்று குழம்புமே என்பீர்கள். டீச்சர், சார் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.)

3

நடந்தது இதுதான். ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து அரைப் பரீட்சைக்கு ஒரே கேள்வித்தாள். இங்கிலீஷ் தாளைத் தயாரித்தவர் பையன்கள் பள்ளியின் கையூம் சார். இலக்கணத்தில் அவர் சொன்னால் அதுதான் முடிவு. தாளில் ஒரு கேள்வி: 'ஒவ்வொருவரும் ... கடமையைச் செய்ய வேண்டும்.' விட்டுப்போன சொல்லை இங்கிலீஷில் எழுத வேண்டும். விடை 'ஹிஸ்', அவனுடைய.

பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஒச்சம்மாள் 'தெயர்' என்று எழுதியிருந்தார், அவர்களுடைய. சகாயராணி டீச்சர் அதற்கு மார்க் போட்டார். மறுபார்வைக்குப் போன இடத்தில் சார் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, சார் இருக்கும் இங்கிலீஷ் வாத்தியார்கள் கூட்டத்துக்குப் போய் மார்க்கை நீங்களே அடித்துவிட்டு வாருங்கள் என்றார். டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இலக்கணம் தெரியாதவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், சாணார்பட்டியில் அப்பாவோடு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியதுதான்.

(ஒச்சம்மாள் அந்த ஒரு மார்க்கில் ஃபெயிலானதாக எழுதினால் கதை சூடுபிடிக்கும் என்று நினைத்தேன். கேட்டுப் பார்த்தேன். "நான் கிளாஸ்லயே முதல் மார்க்கு" என்றார். விட்டுவிட்டேன்.)

4

கூட்டத்தில் டீச்சர் ஒருவர்தான் பெண். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அவருடைய முதல் வாக்கியம்...

வேண்டாம். பயத்தை அவரே பிறகு தன் மாணவிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

"எங்க கிளாஸ்ல அம்புட்டுப் பேரும் பொண்ணுங்க சார். 'ஹிஸ்'னா அங்க யாரு? தமிழ்ல உங்கள 'அவர்'ங்கிறோம். அதுவும் முன்ன பலபேரச் சொன்ன வார்த்தைதான். ஒருத்தருக்கு மரியாதை குடுக்கணும்னு வந்தப்ப எறங்கி வந்துச்சுல்ல. இங்கிலீஷுக்கு மட்டும் ஏன் ஏலாது?"

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. இங்கிலீஷ் தமிழ் இல்லை என்று விளக்கினார். 'ஹிஸ்' என்பதில் பெண்களும் அடக்கம் என்பது விதி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது என் வீம்பு இல்லம்மா. பப்ளிக் பரீட்சைத் தாள மெட்ராஸ்ல ஒருத்தர் திருத்துவாரு. நம்ம பேசுற நியாயமெல்லாம் அவரு காதுக்குப் போகாது. புள்ளைக்கு மார்க்குப் போயிரும்."

(இந்த இடத்தில் சாரைக் கொஞ்சம் கொடுமைக்காரராக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. அவர் சொன்னதும் உண்மை.)

டீச்சருக்கும் அது உண்மை என்று பட்டது. ஆனாலும் சார் நீட்டிய பென்சிலை வாங்கவில்லை. "நான் போட்ட மார்க்க நான் அடிக்க மாட்டேன். நீங்க அடிங்க சார்" என்றார்.

சாரே அதே பென்சிலால் மார்க்கை அடித்தார்.

5

திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில், பப்ளிக் பரீட்சையில் 'ஹிஸ்' போடுங்கள், மற்ற நேரம் உங்கள் இஷ்டம் என்றார். ஒச்சம்மாள் எழுந்து கேட்டார்.

"அந்த 'ஹிஸ்'ல நாங்க இருக்கமா டீச்சர்?"

"இருக்கோம்னு சொல்றாங்க" என்றார் டீச்சர். 'இருக்கீங்க' என்னாமல் சொன்ன அந்த 'இருக்கோம்' ஒச்சம்மாளுக்கு மறக்கவே இல்லை. டீச்சரும் தங்களோடு அந்தச் சொல்லின் ஓரத்தில் நின்றதாகப் பட்டதாம்.

டீச்சரை நிரந்தரமாக்கலாமா என்று பள்ளி நிர்வாகம் சாரிடம் அபிப்பிராயம் கேட்டது. "விதி தெரியாம தப்புப் பண்றது வேற. அந்தம்மா தெரிஞ்சுதான் பண்ணாங்க" என்றார். இது சிபாரிசா, புகாரா? நிர்வாகத்துக்கும் புரியவில்லை போலிருக்கிறது. வேலையை நிரந்தரமாக்கி, நத்தத்தில் இருந்த தங்களுடைய இன்னொரு பள்ளிக்கு மாற்றிவிட்டது.

முழுப் பரீட்சை முடிந்து டீச்சர் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டில் மாணவிகள் சூழ்ந்து நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையூம் சார் வந்தார். வெயிலில் நடந்து வந்த வேர்வை. பஸ் உறுமத் தொடங்கியதும் டீச்சர் உட்கார்ந்திருந்த ஜன்னலருகே போய் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"யூ வேர் நாட் ராங்."

6

இதைத் தமிழில் எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். அந்த 'யூ'வை என்ன செய்வது? 'நீ சொன்னது தப்பில்லம்மா' என்றால் ஒரு தகப்பனின் வாஞ்சை வருகிறது. 'நீங்க சொன்னது தப்பில்ல' என்றால் ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாருக்குத் தரும் இடம் வருகிறது. (இதுவரை சாரின் பேச்சில் நீயும் நீங்களும் வராமல் ஒப்பேற்றியிருக்கிறேன்.) அவர் மனதில் எது இருந்தது என்று ஒச்சம்மாளைக் கேட்டேன்.

"டீச்சர் மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. ரெண்டுல எதுக்கும் அந்தச் சிரிப்பு வரும்" என்றார்.

இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன். நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். பஸ் நத்தம் ரோட்டில் திரும்புவதற்குள் சொல்லுங்கள். டீச்சர் காதில் விழ வேண்டும்.