குணலட்சுமி வீட்டுக் கூரை

முப்பத்தாறாம் ஆண்டு சில்லாலை மாதா கோயில் திருநாளுக்குப் போன சிமியோனும் அவர் மனைவி மரியநாயகியும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்கள். பண்டத்தரிப்புவரை நடந்து வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அங்கே ஒல்லாந்தர் காலத்துப் பெரிய வீடொன்றில், புருசனை இழந்த குணலட்சுமி அம்மா வழிப்போக்கர்களைத் தங்க வைத்தார். பெரும்பாலும் துரைமாரும் கோடேறும் பிறக்கிராசிமாரும்தான் வருவார்கள். குருநகரில் தோணி கட்டும் சிமியோன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, நாங்கள் கடற்கரைச் சனம். மாட்டுக்கொட்டிலுக்கை ஒதுங்கினால் போதும்."

"கொட்டில் மாட்டுக்கு. ஆக்களுக்கு அறை இருக்கு. நனையாமல் உள்ளுக்கு வாருங்கோ."

சூடான புட்டு வந்தது. கட்டில் ஏறுபடி வைத்து ஏறுமளவு உயரம். மரியநாயகி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாயிலேயே படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் சிமியோன் நடுமண்டபத்துக்கு வந்தார். உயர்ந்த யன்னல்களால் வெயில் கூரைக்குள் ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நிலத்தில் மல்லாந்துவிட்டார்.

"இஞ்சருங்கோ! என்ன செய்யுது?" மரியநாயகி பதறி ஓடிவந்தாள்.

"ஒண்டுமில்லை. மேலை பார்."

மரியநாயகியும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். உத்தரங்கள் எல்லாம் வில்லாய் வளைந்திருந்தன. சாணுக்கொரு துளை, துளைதோறும் மர ஆணி.

"உது வீட்டுக்கு அறுத்த மரமில்லை. வங்கு. கப்பலின்ரை விலா எலும்பு."

எண்ணினார். இருபத்திரண்டு. அவர் கட்டியதிலேயே பெரிய தோணி அதன் வயிற்றுக்குள் மூன்று தரம் அடங்கும். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

கோப்பியோடு வந்த குணலட்சுமி திகைத்தார். "ஏன் நிலத்திலை கிடக்கிறியள்? கட்டில் சரியில்லையோ?"

சிமியோன் எழும்பி விசயத்தைச் சொன்னார். குணலட்சுமி நெடுநேரம் மேலே பார்த்தபடி நின்றார்.

"முப்பது வருசமாய் உதுக்குக் கீழை இருக்கிறன். ஏன் இத்தனை ஓட்டையெண்டு ஒருநாளும் கேக்கேல்லை. எத்தினை பேர் உதிலை கடல் தாண்டியிருப்பினம்?"

"நூறு பேருக்குக் குறையாது, அம்மா."

கோப்பியை ஓரமாக வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, குணலட்சுமியும் மரியநாயகிக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தார். காற்றடித்தது. மேலே மரம் மெல்ல முனகியது.

"கப்பலின்ரை முன்பக்கம் எது?" ரகசியம்போலக் கேட்டார்.

"அந்தா," சிமியோன் வடக்கே கைகாட்டினார். "கடலைப் பார்த்தபடி."

அதன்பிறகு அந்த வீட்டுக்கு வந்த துரைமாரையும் குணலட்சுமி முதலில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னதாகச் சிமியோன் கேள்விப்பட்டார். ஒருவரும் மறுக்கவில்லையாம்.