ஒரே ஒரு வாடகைக்காரிக்கு ஒரு புதிய கொள்கை

தயானந்தனிடம் வாடகைக்கு விட ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதில் ஒரே ஒரு குடும்பம்தான் குடியிருந்தது. ஆனாலும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ‘அனைத்து வாடகைதாரர்களின் கவனத்திற்கும்’ என்று தொடங்கியது. அடுத்த மாதம் முதல் வீட்டில் பிராணிகள் வளர்க்க அனுமதி இல்லையாம். இது புதிய கொள்கையாம். அரசாங்க இலாகாவில் சுற்றறிக்கை எழுதியே ஓய்வு பெற்ற மனிதர். தம்போய் ஊரில் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலருக்கு அதை அனுப்பியிருந்தார்.

மலர் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே கார் நிறுத்துமிடத்தில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து செம்பி என்று பெயர் வைத்து வளர்த்தாள். வீடு பார்க்க வந்த அன்றும் செம்பி கூடவே வந்தது. “நாய் இருந்தா நல்லதுதான், திருட்டு பயம் இருக்காது” என்று சொன்னவர் இதே தயானந்தன். ஒப்பந்தத்தில் நாய் வளர்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. அது முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன.

கொள்கை எங்கிருந்து பிறந்தது என்று மலருக்குத் தெரியும். மூவாரில் மரச்சாமான் வியாபாரம் செய்யும் வசதியான குடும்பத்தில் தயானந்தன் தம் மகனுக்குப் பெண் பேசியிருந்தார். அந்தச் சம்பந்தியம்மாள் திலகம் வந்து இறங்கியபோது செம்பி குரைத்துவிட்டது. அவ்வளவுதான்.

மலரின் கணவன் ஜீவன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவன். வாட்ஸ்அப்பைப் படித்ததுமே அவனுக்கு முகம் வாடிவிட்டது.

“செம்பிய கொஞ்ச நாளைக்கு யோங் பெங்ல மாமா வீட்டுல விட்டுரலாம்லா. வீட்டுக்காரரு கவர்மெண்ட்ல பெரிய ஆளா இருந்தவரு. நமக்கு எதுக்கு வம்பு?”

“அவரு ரிட்டையர் ஆகி ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?” என்றாள் மலர்.

வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழி லோஷினியை அழைத்தாள்.

“வாடகை வீட்டுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இன்னும் வரல மலர். ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டத அவரு மட்டும் நடுவுல மாத்த முடியாது. அக்ரிமெண்ட் முடிஞ்சா, இனிமே இல்லன்னு சொல்லலாம், அது அவரு இஷ்டம். அதுக்கு முன்னாடி வெளிய அனுப்பணும்னா கோர்ட்டுக்குப் போகணும். அவரா பூட்டு போட முடியாது.”

மறுநாள் சுவரோரம் நின்று மலர் மரியாதையாகவே சொன்னாள். “அங்கிள், நாய் இருக்கலாம்னு அக்ரிமெண்ட்ல இருக்கே.”

“அக்ரிமெண்ட் பழசும்மா, பாலிசி புதுசு. புதுசுதான் செல்லும்” என்றார், சட்டத்தையே தாம்தான் எழுதியதுபோல.

சம்பந்தி வீட்டார் மறுபடி வரவிருந்த சனிக்கிழமை, மலர் வேலை முடிந்து வந்தபோது கேட்டில் சங்கிலியும் புதுப் பூட்டும் தொங்கின. பக்கத்தில் கொள்கையின் நகல், மழையில் நனையாதபடி லேமினேட் செய்து. உள்ளே காலித் தண்ணீர்க் கிண்ணத்தருகே செம்பி முனகிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் வடை பொரியும் வாசனை.

அழக்கூடாது என்று மலர் பல்லைக் கடித்தாள். எதிர் வரிசையில் பட்டறை வைத்திருக்கும் கமலநாதனிடம் இரும்பு வெட்டும் கட்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் தயானந்தனே போலீசைக் கூப்பிட்டார். அத்தனை நம்பிக்கை.

வந்த போலீஸ்காரர் லேமினேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் மரியாதையாகக் கேட்டார்: “கோர்ட் ஆர்டர் எங்கே, என்சிக்?”

“இது என் வீடு.”

“வீடு உங்களுடையதுதான். குடியிருப்பது இவர்கள். கோர்ட் ஆர்டர்?”

தயானந்தனிடம் கொள்கைதான் இருந்தது. வாசலில் சம்பந்திகள் வரிசையாக நின்று பார்க்க, சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் சாவியைத் தேடினார். கடைசியில் கிடைத்தது. சங்கிலியை அவர் கையாலேயே அவிழ்த்தார். மலர் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்த் தண்ணீர் வைத்தாள்.

திலகம்தான் வாய் திறந்தார். “இந்தச் சின்னதுக்கா இவ்வளவும்? எனக்கு நாய்னா பயம்னுதான் சொன்னேன். கட்டிப்போட்டா போதுமே. யாரு வீட்டுக்குப் பூட்டு போடச் சொன்னா?”

தயானந்தன் தமக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னார்: “பரிசீலிக்கலாம்.”

அதன்பிறகு கொள்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை. அது அவர் உரிமை, மலரும் கேட்கவில்லை. இன்னொரு தாமான் குடியிருப்பில் நாய்க்கு மறுப்புச் சொல்லாத வீடொன்று கிடைத்தது. முதலில் வேண்டாம் என்ற நான்கு வீட்டுக்காரர்களை, குறைந்தபட்சம் முகத்துக்கு நேரே சொன்னார்களே என்று அவள் மன்னித்துவிட்டாள்.

புது வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் ஜீவன் காலை நீட்டி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். “சட்டம் தெரியாம பேசாதீங்கன்னு அந்த வீட்டுக்காரருகிட்ட நேரா சொல்லிட்டேன். நான் விடலையே.”

மலர் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அவனுக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை.