ஒரே தேதி, ஒரே போன்

குழந்தைகளின் இதய ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஊதிப்போய்க் கிடந்தது. பயந்துபோன பெற்றோர் ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று தடவை பதிவு செய்திருந்தார்கள். இரட்டிப்பை நீக்கும் வேலை, கம்ப்யூட்டர் பிரிவிலிருந்த சின்னவள் தலையில் விழுந்தது. ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதில் இல்லாத பிள்ளைக்கு இந்த மாதம் தேதி கிடையாது.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். அவளுக்கும் அக்காவுக்கும் ஆறே நிமிட வித்தியாசம். இருந்தாலும் அக்கா அக்காதான்.

படிவங்களில் பெயரை நம்ப முடியவில்லை. ஒரே பிள்ளைக்கு அப்பா நல்ல பெயரையும் அம்மா செல்லப்பெயரையும் எழுதியிருந்தார்கள். அதனால் பெற்றோரின் போன் நம்பரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் முதல் பதிவை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும்படி நிரல் எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் முந்நூற்று ஆறாகச் சுருங்கின. தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

மணி நாலு. அன்று அவளுக்குப் பிறந்தநாள். சித்தி இன்னும் கூப்பிடவில்லையே என்று, வெட்கத்தைவிட்டு அவளே போன் போட்டாள்.

"காலையிலயே வாழ்த்து சொன்னேனே, மறந்துட்டியா?"

"அது அக்கா, சித்தி."

"யாரா இருந்தா என்னடி? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தானே."

முப்பது வருஷமாக இதே கூத்து. ஒருத்தி சாப்பிட்டால் இன்னொருத்திக்கும் வயிறு நிறைந்துவிடும் என்று நினைக்கிற குடும்பம். எரிச்சலோடு போனை வைத்தவளுக்குப் பகீரென்றது. ஒரே நாள், ஒரே வீட்டுப் போன். அவளும் நிரலில் இதைத்தானே செய்துவைத்திருக்கிறாள்? அதுவும் இரட்டையாகப் பிறந்துவிட்டு.

தள்ளிய நூற்றாறு பதிவுகளையும் திரும்ப எடுத்து, வைத்துக்கொண்ட பதிவோடு பெயர் துளியும் ஒட்டாதவற்றைப் பிரித்தாள். பத்தொன்பது தேறின. அதே ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்த்த அக்காவும் அவளுமாகப் பங்குபோட்டு வீடுவீடாகப் போன் செய்தார்கள். பதினெட்டும் செல்லப்பெயர்கள்தான். கடைசியாகச் சின்னவள் போட்ட நம்பரை ஓர் அம்மா எடுத்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

"ரெண்டு பேர் போட்டிருக்கீங்களேம்மா, ரெண்டும் ஒரே குழந்தையா?"

"இல்லீங்க, ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டுக்கும் ஆபரேஷன் வேணும். ஏங்க, ஒருத்தி பேரு விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. ரெண்டு பேரும் இருக்காங்க."

போன உயிர் சின்னவளுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பக்கமும் ஒரு பெருமூச்சு கேட்டது.

"வயித்துல இருக்கும்போது ஸ்கேன்லயே ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. நீங்களாவது கேட்டு எண்ணுறீங்களே."

தள்ளிய அந்தப் பெயரைச் சின்னவள் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். முந்நூற்று ஏழு என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் பூட்டினாள்.